நீட்டிய கை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கடையில் ஏழு பேருக்குக் கண் பார்த்தேன். ஏழாவது ஆளுக்குக் கண்ணாடியே வேண்டாம், பேச்சுத்துணைதான் வேண்டும். மதியம் தூதரகத்துச் செயலாளர் பெண் போன் செய்தாள். நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் இங்கே வருகிறாராம், அப்பாவைப் பார்க்கச் சம்மதித்துவிட்டாராம். "பத்து நிமிஷம், ஒரு போட்டோ. நல்லபடியா முடிஞ்சா, உங்க அப்பா ஊருக்குப் போய்ட்டு வர அனுமதி கிடைச்சிடும்" என்றாள்.

ஐம்பத்தொரு வருஷம். முடியாட்சியை ஒழித்த அதே வாரம்தான் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வயது. காவலில் இருந்த அப்பாவை அடக்கத்துக்குக்கூட விடவில்லை. மறுநாளே எங்களை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. இவர் சிம்மாசனத்தையா கேட்கிறார்? பிள்ளையைப் புதைத்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

பழைய மெய்க்காப்பாளர் வந்தார். எண்பது வயதிலும் அப்பாவுக்கு முதுகு காட்ட மாட்டார். பின்பக்கமாகவே நடந்து, வழக்கம்போல ஃபிரிட்ஜில் இடித்துக்கொண்டார்.

"அரசர் கை நீட்டுறதுக்கு முன்னாடி எவனும் நீட்டக் கூடாதும்மா. அந்தாளுக்கு யாராவது சொல்லி வச்சாங்களா?"

"அந்தாளு ஓட்டு வாங்கி வந்தவர் மாமா. அவர் இஷ்டத்துக்கு நீட்டுவார். அப்பாதான் பிடிக்கணும்."

அப்பா சிரித்தார். "பிடிக்கிறேன்" என்றார்.

மார்ச் 15, சனி

எல்லாம் நாசம்.

தலைவர் சிரித்துக்கொண்டே வந்து கையை நீட்டினார். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கை அந்தரத்தில். நான் எண்ணினேன் — நாலு, அஞ்சு, ஆறு. தலைவர் கையை இழுத்துக் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் சமாளித்தார். அத்தனை கேமராவும் பார்த்தது.

காரில் கத்திவிட்டேன். "ராஜா நெனப்பு இன்னும் போகலையாப்பா? பெத்த பிள்ளையவிட கௌரவம் பெருசாப் போச்சா?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஏன் பேசலை? பேசியிருந்தா நானாவது அடங்கியிருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

பேப்பரில் படம். 'கை கொடுக்காத மன்னர்.' மெய்க்காப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை, ஐந்து பிரதி வாங்கிக்கொண்டு வந்தார். வாசலோடு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

செயலாளர் பெண் பேசினாள். ஃபைலை மூடிவிட்டார்களாம். "உடம்பு சரியில்லைன்னு ஏதாவது காரணம் எழுத்துல குடுங்க. நான் கேட்டுப் பார்க்கிறேன்."

ஒரு பொய்தானே. கண் சரியாகத் தெரியவில்லை என்று என் கடைத் தாளிலேயே எழுதலாம். பேருக்கு ஒரு சோதனை செய்துவிட்டு எழுதினால் உறுத்தலும் கொஞ்சம் குறையும்.

மார்ச் 24, திங்கள்

அப்பாவைக் கடைக்குக் கூட்டி வந்தேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் கண் காட்டியதே இல்லை. "எனக்கென்ன, நல்லாத்தானே தெரியுது" என்பார், நானும் விட்டுவிடுவேன். இன்று மறுக்காமல் வந்தார்.

என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். நெற்றிக்கு மேலே விரல்களைக் காட்டினேன். "மூணு." சரி. மார்புக்கு நேராகக் கீழே காட்டினேன். பதில் இல்லை. விரல்களை ஆட்டினேன்.

"ம், காட்டு" என்றார்.

காட்டிக்கொண்டுதான் இருந்தேன். எதிரில் இருப்பவரின் முகம் தெரிகிறது. அதற்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கையை அவர் பார்க்கவே இல்லை.

"எத்தனை நாளாப்பா?"

"நாலு வருஷம் இருக்கும்."

"அன்னிக்கு கார்ல சொல்லியிருக்கலாமே."

"திமிர்னு நெனச்சா திட்டுவீங்க, அதோட போச்சு. கண்ணு தெரியலைன்னா பாவம் பார்ப்பீங்க."

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அது நான்தான். கடைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 2, புதன்

கண் மருத்துவர் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம். போன பார்வை திரும்பாது, மிச்சமும் போய்க்கொண்டிருக்கிறது. சொட்டு மருந்து போட்டால் கொஞ்சம் தாமதிக்கலாம். அவர் கொடுத்த சான்றிதழை அனுப்பட்டுமா என்று அப்பாவைக் கேட்டேன். "நாடு முழுக்கத் தெரியணுமா?" என்றார். சாப்பிட்டு முடித்த பிறகு, "சரி, அனுப்பு" என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. மூன்று நாள். ராஜா பட்டம் கூடாது, பேட்டி கூடாது. அப்பா இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார்.

மே 17, சனி

இடுகாட்டுக் காவலாளி பதிவேட்டைப் பார்த்து வரிசையைக் காட்டினார். பெயர் இருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். முழங்கால் உயரக் கல். 212 என்று செதுக்கியிருந்தது, வேறொன்றும் இல்லை.

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த ஒரு மாதத்தில் எதிரே இருப்பதும் மங்கிவிட்டது.

"என்ன எழுதியிருக்கு?"

தம்பி பெயரைச் சொன்னேன். பிறந்த தேதியையும் சொன்னேன்.

"என் பேரு?"

"போட்டிருக்காங்கப்பா. உங்க பேரு, அதுக்குப் பக்கத்துல 'மகன்'னு."

மெல்லக் கீழே உட்கார்ந்தார். கல்லைத் தேடிக் கை வைத்தார். விரல்கள் முதல் எண்ணில் தொடங்கி மூன்றையும் தடவின. மறுபடி தடவின.

"நல்லா எழுதியிருக்காங்க" என்றார்.