அப்பாவுக்கு ஈரல் வளரணுமாம்

ஸ்கூடாய்

அன்பு லோஷினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். அப்பா நலமா என்பதை அடுத்த மாத ஸ்கேன்தான் சொல்லணும். டப்ளின் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் பேசினால் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

குடலில் ஆரம்பித்த கட்டியையும், அது பரவியதில் ஈரலின் இடது பக்கம் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். வலது பக்கம் முழுக்கக் கட்டி, அதற்குப் போகும் ரத்தத்தை அடைத்திருக்கிறார்கள், இடது பக்கம் போதுமான அளவு வளர்ந்த பிறகுதான் வலது பக்கத்தை வெட்டுவார்களாம். ஈரல் வளரும் என்று டாக்டர் சுபத்ரா எந்த நேரத்தில் சொன்னாரோ, என் வீடு கறிக்கடையாகிவிட்டது. ஈரலுக்கு ஈரல்தான் மருந்து என்று அப்பாவே கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கெலாங் பாத்தாவிலிருந்து அர்ச்சுனன் மாமா ஆட்டு ஈரலோடு வருகிறார். உன் வாசுகி அத்தை கம்பத்து நாட்டுக்கோழி ஈரலை மிளகு போட்டு வறுத்து வந்து, அண்ணி செய்யமாட்டீங்கன்னுதான் நானே செஞ்சேன் என்று குத்திக்காட்டுகிறாள். போன வெள்ளிக்கிழமையும் தூக்கிக்கொண்டு வந்தாள், இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். அந்த வாடையே எனக்கு ஆகாது. நீயாவது அதட்டுவாய் என்று பார்த்தால், சாப்பிடட்டும்மா, புரோட்டீன்தானே என்கிறாய். படித்த பிள்ளை பேசுகிற பேச்சா இது?

நேற்று டாக்டரிடம் நானே போட்டுக்கொடுத்தேன். அவர் சிரித்து, அங்கிள், கீரை சாப்பிட்டாலும் அது வளரும் லா என்றார். வளரலைன்னா என்று அப்பா கேட்டார். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்ப வெட்ட முடியாது அங்கிள், மிச்சம் இருக்கிற ஈரல் உயிருக்குப் பத்தாது, கீமோ ஊசியை வச்சுத்தான் பார்க்கணும் என்றார். நான் கார் ஓட்டினால் குறை சொல்லிக்கொண்டே வருகிற மனிதர், நேற்று நான் ரோட்டு ஜேமில் தப்பான லேனில் நுழைந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு பயமாக இருக்கிறது, லோஷினி.

நேரத்துக்குச் சாப்பிடு. ஸ்கேன் அன்று அங்கே ஒரு விளக்கேற்று. அப்பாவிடம் அழாமல் பேசு. முருகன் துணையாக நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். இன்னொன்று, அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதே: இன்று வெள்ளிக்கிழமை. காலையில் நானே பாசாருக்குப் போய் அரைக் கிலோ ஆட்டு ஈரல் வாங்கி வந்தேன். அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது.

உன் அம்மா,
செல்லம்