உன்னை விட்டுப் போனவர்களோடு ஆடினேன்

என் பாசமுள்ள மாணிக்கம் மச்சானுக்கு,

உன்னோடு பத்துக் குழி நடந்து கோல்ஃப் ஆடிய மூன்று பேர், உனக்கு மூச்சு முட்டியபோது உன்னைத் தனியாக உட்காரவிட்டுப் பதினோராவது குழிக்குப் போனார்கள். அது முதல் அநியாயம். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் பெயர் என்னவென்று ஆபீசில் கேட்டார்கள். மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அது இரண்டாவது. உன் பைக்குள் போன் அடித்தபோது அதை எடுத்தவன், அவர்களில் ஒருவன், "இந்த போன்காரர் பேரு என்னாங்க?" என்று உன் தங்கச்சியிடமே, என் வீட்டுக்காரி சரசுவிடமே, கேட்டான். அதை என்னவென்று எழுதுவது? சரசு இன்னும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுப்படியில் நிற்கிறாள்.

வருஷ நினைவுக்கு உன் மகன் பத்திரிகையில் படம் போட்டுவிட்டான். படம் நன்றாகத்தான் இருக்கிறது. கழுத்தில் ஒரு டையை மட்டும் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். ஆயுசுக்கும் டை கட்டாதவனுக்கு நீலத்தில் ஒரு டை. கீழே நாலு வரி. எனக்கு நாலு வரி போதாது மச்சான். அதனால் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஈப்போவில் லாரி பட்டறையில் வேலை செய்தவன். நீ பஸ் ஓட்டியவன். வேலை ஓய்ந்த பிறகு பழைய மட்டைகளை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் கோல்ஃப் ஆடப் போனோம். "கெழவனுங்களுக்கு வந்த வாழ்வப் பாரு" என்று நம் பிள்ளைகளே சிரித்தார்கள். நாம் பிறந்த ரப்பர் தோட்டத்தை வெட்டி, பாதியில் வீடுகளும் பாதியில் அந்தக் கோல்ஃப் திடலும் போட்டிருந்தார்கள். அங்கே போவதற்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று நீ சொன்னாய். கவுண்டரில் காசு கட்டினால் போதும் என்று நான் சொன்னேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் சேர்ந்தால்தான் ஒரு பிளைட், அதாவது ஒரு ஆட்டக் கோஷ்டி. ஒற்றையாகவோ இரண்டு பேராகவோ போனால், கவுண்டரில் இருப்பவர்கள் யாரோ தெரியாதவர்களோடு சேர்த்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. உனக்கோ அதுதான் ஆட்டமே. முதல் குழியில் கையை நீட்டிவிடுவாய். "மாணிக்கம். இந்தத் தோட்டத்துலதான் பொறந்தேன். நீங்க?" மூன்றாவது குழிக்குள் அவருடைய மகள் எங்கே படிக்கிறாள், அவருக்கு இனிப்பு நீர் வியாதி உண்டா என்பதெல்லாம் உனக்குத் தெரிந்துவிடும். பாரிட் புந்தாரில் நெல் வயல் வைத்திருக்கிறாரே, ஒரே ஒரு நாள் நம்மோடு ஆடியவர், அவர் இந்தத் தீபாவளிக்கும் உன் வீட்டுக்குப் போன் செய்தார். அன்றைக்கு அங்கே வந்திருந்த சரசுதான் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் உன் படம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

ஒரு நாள் ஆடியவருக்கு உன்னைத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குக் காலை முழுவதும் ஆடியவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

அன்றைக்கு என் கண்ணில் கட்டு. புரை எடுத்திருந்தார்கள், குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நீ இல்லாம ஒரு மாதிரியா இருக்கு, இருந்தாலும் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். பிறகு உன்னைக் கண்டது புல் வெட்டுகிற ரஃபீக். வங்காளதேசத்துக்காரர். மழைக்கு ஒதுங்குகிற கொட்டகையில், பெஞ்சில் சாய்ந்தபடி நீ இருந்தாயாம். உன் வாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தாராம். உன் மதத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாததால், தனக்குத் தெரிந்ததை உன் காதில் சொன்னாராம். இதை அவரே என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். தவறா என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கருமாதி முடிந்ததும் திடலின் மேனேஜரிடம் போனேன். மரியாதையான ஆள்தான். காப்பி கொடுத்தார். "அவங்க சும்மா ஜாயின் பண்ணவங்கதானே அங்கிள், கூட்டாளி இல்லயே" என்றார். காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அந்த 'சும்மா'தான் இத்தனை மாதமாக என் தொண்டையில் நிற்கிறது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். விதிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நானே படித்தவன் என்று உனக்குத் தெரியும். மறுபடியும் எடுத்துப் படித்தேன். பந்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு ஓடினால் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது. ஆடுகிறவனுக்கு உடம்பு முடியாமல் போனால் அவன் ஆட்டத்தை நிறுத்தலாம் என்று இருக்கிறது. கூட வந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் என் கண்ணுக்கு அகப்படவில்லை.

போன மாதம் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த மூன்று பேரும் புதன்கிழமை காலையில் வருவார்கள் என்று ரஃபீக் சொல்லியிருந்தார். கவுண்டரில் ஒரு புதுப் பெண். "என்னை அவங்களோட போடும்மா" என்றேன். நான் யார் என்று யாருக்கும் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் நீ எப்படி இருந்தாய், என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் நான் சாகப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அவர்களைச் சொல்கிறேன் கேள். லிம், ஈப்போவில் டயர் கடை வைத்திருந்தவர். ஹம்சா, ஓய்வு பெற்ற வாத்தியார், அதிகம் பேசமாட்டார். மூன்றாவது நம்ம தமிழ்ப் பையன், பிரகாஷ், நாற்பது வயசு இருக்கும். கமுந்திங்கில் ஏதோ தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

"அங்கிள் சிங்கிளா? வாங்க லா, நாங்க மூணு பேருதான்" என்று பிரகாஷ் கையை நீட்டினான். கண் போனில் இருந்தது. "பெருமாள்" என்றேன், நன்றாகக் கேட்கும்படி.

மூன்றாவது குழியில் என் பந்து நல்ல இடத்தில் போய் விழுந்தது. "நைஸ் ஷாட் அங்கிள்!" என்றான்.

"தம்பி, எம் பேரு என்னா?"

"ஐயோ, சொன்னீங்கல்ல... ஏதோ சாமி பேரு."

"எந்த சாமி?"

"முருகன்?"

லிம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவன் பெண்டாட்டி பிறந்த நாளையே கூட்டாளிகள்தான் ஞாபகப்படுத்த வேண்டும், உங்களை எப்படி ஞாபகம் வைப்பான்?" என்று மலாயில் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். அது எனக்கே பிடிக்கவில்லை. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். என் பந்து புதரில் விழுந்தபோது மூன்று பேரும் வந்து தேடினார்கள் மச்சான். பந்தைத் தேடத் தெரிந்தவர்கள்.

பத்தாவது குழிக்கு வந்தோம். கொட்டகை இருந்தது. பெஞ்சுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் போய் அதில் உட்கார்ந்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

"எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீங்க போங்க" என்றேன்.

போகிறார்களா பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். போனால் எழுந்து நின்று கத்துவதற்கு வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

லிம்மின் முகத்தில் ரத்தமே இல்லை. பிரகாஷ் மட்டையைக் கீழே போட்டான். "நெஞ்சு வலிக்குதா அங்கிள்? கை வலிக்குதா? பேசுங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றான். போனை எடுத்து ஆபீஸ் நம்பரைத் தேடினான். பின்னால் வந்த பிளைட்டில் ஒருவன், "ஓய்! போறீங்களா இல்லயா?" என்று கத்தினான். ஹம்சா என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முதுகில் கையை வைத்தார்.

"நீங்கள் சொன்னாலும் போகமாட்டோம்" என்றார் மலாயில். "போன வருஷம் ஒருவர் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எங்களைப் போகச் சொன்னார். போய்விட்டோம்."

"யாரு அவரு?" என்று பிரகாஷைக் கேட்டேன்.

"ஜாயின் பண்ண அங்கிள் ஒருத்தரு. நல்லா பேசிக்கிட்டு வந்தாரு, திடீர்னு உக்காந்துட்டாரு. நாங்க நின்னோம் அங்கிள், சத்தியமா நின்னோம். அவருதான் வெரட்டிவுட்டாரு. 'போங்க தம்பி, பின்னால ஆளு நிக்கிறாங்க'ன்னு."

அது உன் பேச்சுதான். வேறு யார் சொல்வார்கள்? காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு ஒரு நிமிஷம் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்ற தோட்டத்தில் வளர்ந்தவன் நீ. கல்யாணப் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் ஆள் வந்து நின்றால் பாயசத்தைக் குடிக்காமல் எழுந்துவிடுவாய். ஆஸ்பத்திரி வரிசையில் உன் முறை வந்தாலும் பக்கத்தில் இருப்பவரைப் போகச் சொல்வாய். சாகிற நேரத்திலுமா மச்சான்? பின்னால் நின்றது யார்? உனக்கு யார் அவர்கள்?

"அவர் பேரு என்னா?" என்றேன்.

பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். லிம் தொப்பியைக் கழற்றினார். "மாணிக்கம்" என்றார் ஹம்சா. "பிறகு ஆபீசில் சொன்னார்கள். முதல் குழியில் அவரே சொல்லியிருந்தார், நாங்கள் காதில் வாங்கவில்லை."

"எம் மச்சான்" என்றேன்.

பின்னால் இருந்தவன் மறுபடியும் கத்தினான். பிரகாஷ் பழக்கத்தில், நீங்கள் தாண்டிப் போங்கள் என்று கையை ஆட்டத் தூக்கினான். அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். "நிக்கட்டும்" என்றேன். நின்றார்கள். நீ ஆயுசு முழுக்க விட்டுக்கொடுத்த வழிக்கெல்லாம் சேர்த்து அந்த நாலு பேரும் வெயிலில் நின்றார்கள்.

எல்லாவற்றையும் கேட்டேன். உன் முகம் வேர்த்திருந்ததா, தண்ணீர் குடித்தாயா, நெஞ்சைத் தடவினாயா. தெரிந்ததைச் சொன்னார்கள். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து என் பந்து எங்கே விழுகிறது என்று நீதானே பார்த்துச் சொல்வாய்? அன்றைக்கு வழியெல்லாம் அதைத்தான் பேசினாயாம். "எம் மச்சானுக்குக் கண்ணு சரியாயிட்டுது. அடுத்த வாரம் அவன் பந்த அவனே பாப்பான், எனக்கு அந்த வேல மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தாயாம்.

பார்க்கிறேன் மச்சான். பந்து விழும் இடம் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பிரகாஷ் அழுதான். "சாரி அங்கிள்" என்றான். நான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லையே. நீயே போகச் சொன்னாய் என்பது உண்மை. அவர்கள் போயிருக்கக் கூடாது என்பதும் உண்மை. ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது. நீ இருந்தால், "வுடு மச்சான், பாவம்" என்பாய். உன் பேச்சைக் கேட்டுத்தானே அவர்களும் போனார்கள்? நான் கேட்கப் போவதில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் இருப்பவர்கள் நாலு பேரைச் சேர்க்கும்போது நாலு பெயரையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒவ்வொருவரும் மற்ற மூவரின் பெயரைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் முதல் பந்தை அடிக்க விட வேண்டும். மேனேஜர் அந்த 'சும்மா'வைத் திரும்பப் பெற வேண்டும், என்னிடம் அல்ல, சரசுவிடம். கொட்டகைகளில் ஆளைக் கூப்பிட ஒரு மணியாவது அவர் மாட்ட வேண்டும். ரஃபீக்குக்கு உன் மகன் தன் கையால் வேட்டி சட்டை கொடுத்துச் சாப்பாடு போட வேண்டும், இன்னும் செய்யவில்லை. லிம்மும் ஹம்சாவும் தங்கள் கூட்டாளிகளிடம் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். உன் போனை எடுத்துப் பெயர் கேட்ட பிரகாஷ் என் வீட்டுக்கு வந்து, உன் தங்கச்சி முன்னால் நின்று உன் பெயரைச் சொல்ல வேண்டும். வருகிறேன் என்றான். இன்னும் வரவில்லை. நான் காத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. உட்கார்ந்துவிட்ட ஒருவர் "நீங்க போங்க" என்று சொன்னால் நம்பாதீர்கள். பின்னால் நிற்பவர்கள் நிற்கட்டும்.

கடைசியாக, நான். புதன்கிழமைதோறும் போவேன். யாரோடு சேர்த்துவிட்டாலும் ஆடுவேன். கூட வருகிறவர் எனக்குப் பிடிக்காதவராக இருந்தாலும், அவர் உட்கார்ந்தால் நானும் பக்கத்தில் உட்காருவேன். என்னைத் திட்டித் துரத்தினாலும் எழுந்திருக்கமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

உன் தங்கை சரசுவின் வீட்டுக்காரன்,
உன் சொல்லை மீறி இருக்கப்போகும் மச்சான்,
பெருமாள்
ஈப்போ