நார்த்தாமலையில் அருவி இல்லை

நார்த்தாமலை,
ஞாயிறு மதியம்.

திரு. பிரவீன்குமார் அவர்களுக்கு,

வனிதா எழுதுவது. நமக்கு நிச்சயம் ஆனதிலிருந்து மச்சான் என்றுதான் எழுதினேன். இன்று கை வரவில்லை. போனில் என்றால் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் 'ம்' போட்டுக்கொண்டிருப்பேன். அதனால்தான் கடிதம்.

சென்னைக் கண்காட்சியிலிருந்து என் படம் திரும்பி வந்துவிட்டது. போட்டோ பார்த்துத் தேர்ந்தெடுத்த படம் இதுவல்ல என்று எழுதியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி.

நான் வரைந்தது சாயங்கால வெயிலில் மலை. பாறை ஊதாவாகி நிற்பது இருபது நிமிடம்தான். அதற்காகப் பதினேழு நாள் ஒரே வரப்பில் போய் உட்கார்ந்தேன். கல்லூரியில் இதை இம்ப்ரஷனிசம் என்று படித்தோம். அந்த நேரத்து வெளிச்சத்தைச் சின்னச் சின்னத் தீற்றலாக வைக்க வேண்டும். கோடு போடக் கூடாது. நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றீர்கள். நம்பித் தந்தேன்.

இப்போது மலையைச் சுற்றிக் கறுப்புக் கோடு. பாறை முழுக்கப் பச்சை. நடுவில் அருவி, கீழே இரண்டு மான். அம்மா பார்த்துவிட்டு, "இந்த அருவி இருந்தா நான் ஏன்டி டேங்கர் லாரிக்குக் கொடத்தத் தூக்கிட்டு ஓடுறேன்?" என்றாள்.

நேற்று போனில் கேட்டதற்கு, "அரைகொறையா அப்பி வச்சிருந்த. ஒனக்கு அசிங்கமாயிரக் கூடாதுன்னு வெள்ளைச்சாமி அண்ணன வச்சு முடிச்சுக் குடுத்தேன். மலை எங்கயாச்சும் ஊதாவா இருக்குமா?" என்றீர்கள். அவர் சலூனுக்கும் பள்ளிக்கூடச் சுவருக்கும் படம் போடுகிறவர், சொன்னதைச் செய்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அதற்குப் பிறகு, "இதுக்கா மூஞ்சியத் தூக்குற? கல்யாணத்துக்கப்பறம் ஒன்னையும் சரி பண்ணிருவோம்ல" என்று சிரித்தீர்கள். உங்கள் பக்கத்தில் யாரோ கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அதுவும் கேட்டது.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா, "ஒரு படத்துக்காகவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார். இந்த வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். படிக்கவைத்ததால் வந்த திமிர் என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும்.

கல்யாணப் பத்திரிகை புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். நிச்சயச் சேலையை அம்மா கொண்டுவந்து தருவாள், மடிப்புக் கலையவில்லை.

நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். மனதாரத்தான் எழுதுகிறேன். சமாதானம் பேச இங்கிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். எதிரே வந்து நின்றால் எனக்கு வாய் வராது. தலையாட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஆ. வனிதா