பின்வாசல் படி

பலேர்மோ

அன்புள்ள அத்தானுக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் துப்புரவு செய்யும் வீட்டில் தங்கியிருந்த ஜப்பான் ஓவியர் நேற்றுப் போய்விட்டார். அவருடைய கிராமத்துக்கு வரும் ஓவியர்கள், தங்களுக்குப் பிடித்த இடத்தை வரைந்து, தங்கிய வீட்டில் மாட்டிவிட்டுத்தான் போவார்களாம். இவரும் ஒன்று மாட்டியிருந்தார். பார்க்க முதல், இங்கே எல்லோரும் போகிற மொண்டெல்லோ கடற்கரையாக்கும் என்று நினைத்தேன்.

“அக்கா, இது நீங்கள் இருந்து சாப்பிடுற பின்வாசல் படியெல்லே!” என்றாள் கூட வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண் மொனிகா.

படியில் நான் இல்லை. என் சாப்பாட்டுப் பெட்டி மட்டும் இருந்தது. படியைக் கழுவப் போய்விட்டேன்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். ஊரில் நான் சமைத்த எங்கள் குசினியை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். யன்னல் எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

உங்கள் கிளறா