திரும்பி வந்த கேமரா

அன்பு மகள் பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்டால் 'நல்லா இருக்கேம்ப்பா' என்று சொல்லிவிடுவாய், அதனால் கேட்கவில்லை. வீட்டுக்கு அனுப்பாமல் உன் ஆபீஸ் முகவரிக்கு ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். அதைப் பின்னால் சொல்கிறேன். கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற உன் வேலையை இங்கே காட்டாதே, வரிசையாகப் படி.

முதலில் டேப் விஷயம். நீ கல்யாணமாகிப் போகும்போது, முகம் பார்த்துப் பேச எங்களுக்கு வாங்கிக் கொடுத்த டேப்பின் திரை இருண்டு கிடப்பது உனக்குத் தெரியும். உன் குரல் வருகிறது, முகம் வருவதில்லை. என்னிடம் இருப்பதோ பட்டன் போன். தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் டேப்பைக் கையில்கூட வாங்காமல், இந்த மாடலே நின்றுவிட்டது, உதிரி பாகம் கிடைக்காது, புதிது வாங்கிவிடுங்கள் என்றார். புதிது விற்பவரும் அவர்தான். எடையளவு ஆய்வாளராக ஊரிலுள்ள தராசுகளை எல்லாம் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான். என்னிடமா இந்தக் கதை என்று திரும்பி வந்துவிட்டேன்.

எதிர்வீட்டு டீச்சர் தன் போனில் ஆன்லைனில் தேடித் தந்தார். கிடைக்காது என்ற திரை அங்கே குவிந்து கிடந்தது. ஒவ்வொன்றின் கீழும் 'அருமையான பொருள்' என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். இத்தனை பேருக்கும் ஒரே வாக்கியம் எப்படி வாயில் வரும் என்று கேட்டேன். டீச்சர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. முதலில் வந்த திரை மூலையில் விரிசல். படமெடுத்து அனுப்பினால்தான் நம்புவோம் என்றார்கள். படமெடுத்து அனுப்பினோம். அது நீங்களே உடைத்தது என்று பதில் வந்தது. அடுத்து வந்தது கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. ஆனால் இணைப்பு வயர் இடது பக்கம் இருக்க வேண்டியது வலது பக்கம். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தான். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பொருள் எதற்கும் பொருந்தாது என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பேட்டரி கதை இன்னும் மோசம். பழையது உப்பத் தொடங்கியிருந்ததால் புதிதொன்று வரவழைத்தேன். என் சின்னத் தராசில் வைத்தேன். பேட்டரியைப் பொன் மாதிரி நிறுக்கிறீர்களே என்று அம்மா கேலி செய்தாள். பழையதைவிடக் கனம் அதிகம். எடை குறைத்து ஏமாற்றியவர்களை ஏராளமாகப் பிடித்திருக்கிறேன், கூட்டிக் கொடுப்பவனை இப்போதுதான் பார்க்கிறேன். பிரித்துப் பார்க்க நானே கத்தியை எடுத்திருப்பேன். நல்லவேளை, கடைக்குக் கொண்டுபோனேன். ரிப்பேர் கடைக்காரர் பிடுங்கிக்கொண்டு, தீப்பிடிக்கும் என்று திட்டிவிட்டு, பக்குவமாகப் பிரித்தார். உள்ளே குட்டி பேட்டரி ஒன்று, மிச்ச இடத்துக்கு மணல். அன்றிலிருந்து அவர்மேல் இருந்த சந்தேகத்தைப் பாதி குறைத்துக்கொண்டேன்.

இந்த வயதில் ஒரு பழைய டேப்போடு ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறேன் என்று நினைப்பாய். அதற்கு நீதான் காரணம். முன்பெல்லாம் இதைத் தூக்கிப் போடுங்கள், புதிது அனுப்புகிறேன் என்று என் உயிரை வாங்கியவள் நீ. திரை போன பிறகோ, வாய்ஸ் போதும்ப்பா, எதற்கு வீண் செலவு என்றாய். என் மகள் எப்போது சிக்கனம் கற்றுக்கொண்டாள் என்று அன்றே எனக்கு உறுத்தியது. டீச்சர் போனில் முகம் பார்த்துப் பேசுவோம் என்றேன், உன் போனில் கேமரா கெட்டுவிட்டது என்றாய். மாப்பிள்ளையிடம் பேச வேண்டும் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அவர் குளிக்கிறார். ஒரு மனிதர் எத்தனை தரம்தான் குளிப்பார்?

ஆனாலும் நான் உன்னை நம்பத்தான் பார்த்தேன். உன் போனும் டீச்சருடையதும் ஒரே மாடல் என்பதால், உன் போனுக்கு ஒரு கேமரா தேடிப் பிடித்தேன். உன் ஊர்க் கடையொன்று வைத்திருந்தது. படம் தெளிவு, விவரம் சுத்தம், யாரும் அருமை பெருமை என்று எழுதவில்லை. நல்ல கடை என்று நம்பி, உன்னிடம் சொல்லாமல் நேராக உன் வீட்டுக்கே அனுப்பச் சொன்னேன். சில நாளில், வாங்க மறுத்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. எனக்கு வந்ததே கோபம். கொண்டு போகாமலே கணக்குக் காட்டுகிறான் என்று முடிவு கட்டி, டீச்சரை உட்கார வைத்துப் புகாருக்கு மேல் புகார் எழுதினேன். திருடன் என்றுகூட எழுதினேன்.

அந்தக் கடைக்காரரே டீச்சர் எண்ணுக்குக் கூப்பிட்டார். சத்தம் போடுவார் என்று தயாராக இருந்தேன். நிதானமாகப் பேசினார்.

"சார், திருடன்னு எழுதிட்டீங்க, பரவால்ல. டெலிவரி ஆளு பொய் சொல்லல. உங்க பொண்ணோட வீட்டுக்காரரே வாசல்ல நின்னு சொல்லியிருக்காரு. அவங்க இங்க இல்ல, போய் ரொம்ப நாளாச்சு, இனிமே அவங்க பேர்ல எதுவும் கொண்டு வராதீங்கன்னு."

இத்தனை பேரில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புகாரைத் திரும்பப் பெற்றேன். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் என் முகவரிக்கே அனுப்பிவிட, கேமரா இங்கே திரும்பி வந்து என் மேஜையில் இருக்கிறது. பிரிக்கவுமில்லை, நிறுக்கவுமில்லை.

அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே, தானாக ஆரம்பித்தாள்.

"அவ குரல் எதிரொலிக்குதுங்க. சாமான் இல்லாத ரூம்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு."

எத்தனை நாளாக என்று கேட்டேன். முகம் தெரிந்தவரை முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம், வெறும் குரல் வந்த பிறகுதான் காது கொடுத்தாளாம். ஊரையே சந்தேகப்பட்ட நான் உதிரி பாகம் தேடி அலைந்தேன். அவள் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

பொடிசு, உன்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. என்ன நடந்தது, யார் மேல் தப்பு என்று நான் விசாரணை வைக்கப் போவதில்லை. அந்த உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. நீ தனியாக ஒரு வெறும் அறையில் உட்கார்ந்துகொண்டு, நல்லா இருக்கேம்ப்பா என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பிடுகிறாயா, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பயமாக இருக்கிறது.

டேப் இப்போது தயார். ரிப்பேர் கடைக்காரர், யாரோ போட்டுவிட்டுப் போன டேப்பிலிருந்து திரையையும் பேட்டரியையும் கழற்றி மாட்டிக் கொடுத்தார். ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு ஓடுகிறது, மற்றபடி தெளிவாகத் தெரிகிறது. புதிது வாங்குங்கள் என்று அவர் இந்த முறை சொல்லவில்லை.

உன் முகவரி என்று எனக்கு இனி தெரிந்தது இந்த ஆபீஸ் ஒன்றுதான், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீ இப்போது இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் எழுது. கேமரா கெட்டிருந்தாலும் சரி, கெடாவிட்டாலும் சரி, இந்தப் பார்சலை இனி எந்தக் கூரியரையும் நம்பிக் கொடுப்பதாக இல்லை. நானே கொண்டு வருகிறேன். அம்மா பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

எங்கிருந்தாலும் நீ எங்கள் மகளாகவே இரு, நன்றாக இரு. உன் பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,

அப்பா