அவள் தட்டைப் பார்க்காதீர்கள்

குட்டியின் அப்பாவுக்கு,

எனக்குக் காலை ஷிப்ட், கிளம்பிவிட்டேன். சண்டை பாதியில் நிற்கிறது, சாயந்திரம் வந்து முடிக்கிறேன்.

முட்டையும் காய்கறியும் அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். குட்டி எழுந்ததும் இன்ஹேலர் கொடுங்கள், பிறகு வாய் கொப்பளிக்கட்டும். சாப்பிடும்போது மட்டும் அவள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

எடை குறைந்தால் ஆஸ்துமா இழுப்பும் குறையும் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் மெதுவாக என்றார், பட்டினி போடச் சொல்லவில்லை. நேற்று நீங்கள் "போதும், எழுந்திரு" என்று அதட்டியதும் எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். நான் தலையைக் கோதிவிட்டபோது கேட்கிறாள்: "அம்மா, ஒண்ணுமே சாப்பிடலேன்னா எனக்கு நல்லா மூச்சு வந்துடுமா?" இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

பயத்தில்தான் அதட்டினீர்கள், தெரியும். சாயந்திரம் மூன்று பேருமாக நடந்துவிட்டு வரலாம்.

சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது.

சொல்ல மறந்தேன்: அவளுக்கு வைத்ததையே நீங்களும் சாப்பிடுங்கள். மாடிப்படி ஏறி நீங்கள் வருவது, பெல் அடிக்கும் முன்பே, உங்கள் மூச்சிரைப்பில் எனக்குக் கேட்டுவிடுகிறது. எனக்கு இரண்டு பேருமே வேண்டும்.