பி. குஞ்ஞப்பு, 1987

ஜூன் 9
துறையில் எல்லோருக்கும் ஆன்லைனில் ஒரே ரெஃபரன்ஸ் பட்டியல். ஒரு தட்டு தட்டினால் கட்டுரையின் பெயர், ஆண்டு எல்லாம் தீசிஸின் கடைசியில் தானாகப் போய் உட்காரும். மீன் ஏலத்தைப் பற்றி மூன்று வருடமாகத் தேடித்தேடி நான் சேர்த்ததை கூடப் படிக்கும் ஜினேஷ் ஒரே மதியத்தில் தன் தீசிஸுக்கு அள்ளிவிட்டான். கேட்டால், "பொதுச் சொத்துதானே, ரம்ஷீ?" என்று பழம்பொரியைக் கடிக்கிறான். திருடன்.

சரி, பொதுச் சொத்தில் என் பங்குக்கு இன்னொன்று சேர்த்தேன். பி. குஞ்ஞப்பு, 1987, 'கடற்கரை வீடுகளில் மீன் பங்கீடு'. குஞ்ஞப்பு எங்கள் ஹாஸ்டல் பூனை. அந்த விஷயத்தில் அவனை விட்டால் ஆளில்லை.

ஜூன் 16
செமினார். ஜினேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குஞ்ஞப்பு நிறுவியிருப்பதுபோல..." என்றான். நான் ஷாலை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். என் கைடு சங்குண்ணி சார் கண்ணை மூடித் தலையாட்டினார். "குஞ்ஞப்பு முக்கியமான ஆளு. எம்.ஏ.வுலயே படிச்சிருக்கேன்."

என்னைப் படைச்சவனே!

ஜூன் 23
சாரின் புதுக் கட்டுரை பிழை பார்க்க வந்தது. இரண்டாம் பக்கத்தில் குஞ்ஞப்பு. பக்க எண் வேறு - 43. நான் பக்க எண்ணே கொடுக்கவில்லையே?

வெள்ளிக்கிழமை ஜர்னலுக்குப் போகிறது. அச்சில் வந்து யாராவது தேடிப் பார்த்தால் சாரின் மானம் கப்பலேறும். சொன்னாலோ, என் தீசிஸில் அவர் கையெழுத்து விழாது.

ஜினேஷிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "வாயத் தொறக்காதடி. என்னையும் சேர்த்துக் கொன்னுடுவாரு."

ஜூன் 24
சொல்லவில்லை.

ஜூன் 25
சொல்லிட்டேன்.

"சார், குஞ்ஞப்பு ஒரு பூனை."

"எந்தப் பூனை?"

"ஹாஸ்டல்ல... வெள்ளையா... மெஸ்ஸுல மத்தி திருடும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கத்தியிருந்தால் தேவலை. கடைசியில் சிரித்தார் - அது இன்னும் பயமாக இருந்தது. "நாப்பத்தி மூணாம் பக்கம்னு வேற போட்டேனே, மோளே."

கட்டுரையில் இருந்த குஞ்ஞப்புவின் மேல் ஒரு கோடு இழுத்தார். பிறகு என் தீசிஸை எடுத்துக் கையில் கொடுத்தார். "இதுல இருநூத்திப் பன்னெண்டு ரெஃபரன்ஸ் இருக்கு. நிஜமா படிச்சதுக்கு மட்டும் டிக் போட்டுக் கொண்டா. மீதியப் படி. அப்புறம் கையெழுத்து."

இவ்வளவுதானா!

ஜூன் 26
டிக் போட்டாயிற்று. நூற்று முப்பத்தொன்று.

மனசாட்சியோடு மறுபடி பார்த்தேன். நூற்றுப் பதினேழு.

ஜூலை 3
மீதியில் பத்தொன்பதை இறக்கிப் படித்துவிட்டேன். ஏல விலையைப் பெண் வியாபாரிகளே முடிவு செய்கிறார்கள் என்று மூன்றாம் அத்தியாயம் முழுக்க வாதாடியிருக்கிறேன். அதற்கு நான் ஆதாரம் காட்டிய கட்டுரையை இன்றுதான் படித்தேன். பெண்களை ஏலக்கூடத்துக்குள்ளேயே விடுவதில்லை என்கிறது அது. மூன்று முறை படித்தேன். அப்படித்தான் இருக்கிறது.

ஜினேஷ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "இது நல்ல கட்டுரைல்ல? நானும் போட்டிருக்கேன்."

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காரு. படி."